சர்வேயர், என்ஜினியர், ஆர்க்கிடெக்ட்: மலையகத்துப் பிள்ளைகள் லைசென்ஸ் வரை போய்ச் சேர முழு வழிகாட்டி

ஒரு பிளான் என் மேசைக்கு வந்தால் வீட்டையும் காணியையும் பிறகுதான் பார்ப்பேன், முதலில் கண் போவது தாளின் கீழ் மூலைக்கு. யார் கையெழுத்து, என்ன முத்திரை, பதிவு இலக்கம் இருக்கிறதா, திகதி என்ன. ஹட்டனில் படவரைஞராக வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நின்று உழைத்த காசு, அக்கா மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு, இரண்டையும் போட்டு 7 பேர்ச் காணி வாங்கியிருந்தார்கள். "தம்பி, சர்வே எல்லாம் முடிஞ்சிருச்சு, வீட்டு பிளான் மட்டும் போட்டுக் குடுங்க" என்று தாளை விரித்தார். கீழ் மூலையில் ஒரு கையெழுத்து இருந்தது, ஒரு ரப்பர் முத்திரை இருந்தது, பதிவு இலக்கம் இல்லை. விசாரித்தால், அளந்தவர் ஒரு சர்வேயரிடம் பல வருடம் டேப் பிடித்தவர். அளக்கத் தெரிந்தவர்தான், கெட்ட எண்ணமும் இல்லாதவர்தான், ஆனால் அவருடைய கையெழுத்துக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் கிடையாது. வங்கி அந்த பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மறுபடி முறையாக அளந்தபோது ஒரு பக்க எல்லை அடுத்தவர் காணிக்குள் போயிருந்தது தெரியவந்தது. 7 பேர்ச் என்றால் மொத்தமே ஏறக்குறைய 1,906 சதுர அடி, அதில் ஓர் ஓரம் போனால் படிக்கட்டு வைக்கவே இடம் இருக்காது.

அன்றைக்கு அந்த அக்காவுக்குத் தெரியாமல் இருந்த அதே விஷயம்தான் இன்றைக்கும் நம் பிள்ளைகளைத் தப்பான கோர்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. படிப்பு வேறு, லைசென்ஸ் வேறு. பட்டம் வாங்குவது பாதி வழி, அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தாளின் கீழ் மூலையில் கையெழுத்துப் போடும் உரிமையைப் பெறுவது மீதிப் பாதி. என் அண்ணன் மகன் இரண்டரை வருடம் காசு கட்டிப் படித்த பிறகுதான் அவனுடைய சான்றிதழ் எந்தச் சபையிலும் பதியமுடியாத சான்றிதழ் என்று எங்களுக்குத் தெரிந்தது. சேரும் நாளில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி தெரியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று தொழிலுக்கும் மூன்று தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம். அதன் கீழ் உருவானதுதான் லேண்ட் சர்வே கவுன்சில், பதிவும் வருடாந்த லைசென்ஸும் அங்கேதான். பொறியியலாளருக்கு 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த என்ஜினியரிங் கவுன்சில். கட்டடக்கலைஞருக்கு 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம், 1996இல் வந்த திருத்தத்தோடு அதன் கீழ் பதிவுச் சபை ஒன்று. ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் பலகையில் எழுதவே அந்தப் பதிவு வேண்டும், சும்மா போட்டுக்கொள்ள முடியாது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். குவான்டிட்டி சர்வேயர் என்பவர் காணி அளப்பவர் இல்லை. கட்டடத்துக்கு எவ்வளவு சீமெந்து, எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி, மொத்தம் என்ன செலவு, கொந்தராத்துக்காரருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுபவர். நல்ல தொழில், வளைகுடா நாடுகளில் நல்ல கேள்வி இருக்கிற தொழில், அதற்கும் 2007இல் சட்டத்தால் அமைந்த தனி நிறுவகம் உண்டு. ஆனால் "சர்வேயருக்குப் படிக்கிறான்" என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் மகனால் தன் சொந்த வீட்டு எல்லையைக்கூட அளந்து கையெழுத்துப் போட முடியாது என்று தெரியும்போது அப்பாக்கள் உடைந்துபோகிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.

என்னைப் போன்ற படவரைஞர் இந்த மூன்றிலும் சேர்த்தி இல்லை. நாங்கள் வரைவோம், விவரம் சொல்வோம், சின்ன வேலைகளைச் சபை வரை கொண்டுபோவோம். எந்த அளவுக் கட்டடத்துக்கு யார் கையெழுத்து வேண்டும் என்பதை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகள் கட்டடத்தின் பரப்பையும் உயரத்தையும் வைத்துப் பிரிக்கின்றன.

உயர்தரத்தில் எடுக்கும் முடிவு

சரி, பிள்ளை ஓஎல் எழுதிவிட்டது. பொறியியலுக்கும் நில அளவைக்கும் போக நினைத்தால் கணிதப் பிரிவுதான் பாதை: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். நம் பகுதியில் தமிழ் மூலம் கணிதப் பிரிவு நடத்தும் பள்ளிக்கூடங்கள் எண்ணிக்கையில் குறைவு, அதிலும் இணைந்த கணித ஆசிரியர் வருடக் கடைசி வரை இடமாற்றம் வாங்காமல் இருப்பார் என்று சொல்லமுடியாது. இதனால் பல பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தும் பக்கத்துப் பள்ளியில் இருக்கிற பிரிவில் சேர்ந்துவிடுகிறார்கள். முடியுமானால் தூரமாக இருந்தாலும் பிரிவு இருக்கிற பள்ளிக்கு அனுப்புங்கள், விடுதி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு முடிவைப் பிறகு திருத்துவது கஷ்டம்.

தொழில்நுட்பப் பிரிவைப் பற்றித் தெளிவாகச் சொல்லவேண்டும். அதில் பொறியியல் தொழில்நுட்பம் என்று ஒரு பாடம் இருப்பதால் அது என்ஜினியராகும் வழி என்று நினைக்கிறார்கள். அதன் வழியே கிடைப்பது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம், அது மரியாதையான பட்டம், வேலையும் கிடைக்கும், ஆனால் பொறியியல் பட்டத்துக்குச் சமமாகக் கருதப்படுவதில்லை, என்ஜினியரிங் கவுன்சிலில் அவர்களுக்கு உரிய வகுதியும் வேறு. தெரிந்து தேர்ந்தெடுத்தால் தவறே இல்லை. தெரியாமல் சேர்ந்துவிட்டு நாலு வருடம் கழித்து அழுவதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன்.

அடுத்தது இசட் ஸ்கோர், அதாவது ஏஎல் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற எண். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16இல் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. ஒரே தேயிலை மலையின் இந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டம், அந்தப் பக்கம் கண்டி மாவட்டம் என்று இருக்கிற இடங்களில் இது ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும். டியூஷனுக்காகக் கண்டியில் தங்கப்போகிறீர்கள் என்றால் வாக்காளர் பதிவை மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் வதிவிட மாவட்டம் பற்றிய பகுதியை உட்கார்ந்து வாசியுங்கள். அந்தக் கைநூல் தமிழிலும் வருகிறது, எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. யாரிடமும் கேட்பதைவிட அது நம்பகமானது, என்னிடம் கேட்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நில அளவையாளர்: நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வழி

மூன்றிலும் நான் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இதைத்தான். ஏன் என்று சொல்கிறேன். தோட்டக் காணிகள் 1972இலும் 1975இலும் அரசு வசமாகின, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காணி பிரித்துக் கொடுக்கவேண்டும், பிரிப்பது என்றால் அளக்கவேண்டும், அளந்து வரைந்து கையெழுத்துப் போட்ட பிளான் இல்லாமல் காணி உறுதி எழுதமுடியாது. இந்த வேலை இன்னும் பல வருடத்துக்கு நடக்கப்போகிறது. தேயிலைச் செடிக்குள் கல் எங்கே புதைந்திருக்கிறது, பழைய கான் எந்தப் பக்கம் ஓடியது, முதல் எல்லை எந்த மரம் என்று அந்தத் தோட்டத்துப் பாட்டியிடம் அவர் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு சர்வேயர் வந்து நின்றால் எத்தனை தகராறு வராமலே போகும்.

படிக்கிற இடமும் பக்கத்தில்தான். நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2இல் தொடங்கியது, நாட்டின் பழைமையான திணைக்களங்களில் ஒன்று. அதன் நில அளவை, படவரைபு நிறுவகம் தியத்தலாவையில் இருக்கிறது. ஹட்டனில் பதுளை ரயில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அங்கே நில அளவையில் விஞ்ஞானமாணிப் பட்டம் கொடுக்கிறார்கள். இதற்கான விண்ணப்பம் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு சேர்ந்து வராது, தனி அறிவித்தலாக வரும், அதனால் திணைக்களத்தின் இணையத்தளத்தையும் வர்த்தமானியையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொன்று பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் புவித்தகவல் பீடம், அது வழக்கமான பல்கலைக்கழக அனுமதி வழியாக. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் சூரியவெவ வளாகத்தில் இந்தப் படிப்பை நடத்துகிறது.

பட்டம் முடிந்ததும் உடனே அளக்கக் கிளம்பிவிட முடியாது. கவுன்சில் கேட்கிற நடைமுறைப் பயிற்சியை முடித்து, தகுதியைக் காட்டி, பதிவுபெற்ற நில அளவையாளராகப் பெயர் ஏறவேண்டும். அதற்கு மேல்தான் முக்கியமானது: பதிவு ஒன்று, தொழில் செய்யும் லைசென்ஸ் இன்னொன்று. லைசென்ஸை வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். பதிவு இருந்தும் அந்த வருட லைசென்ஸ் இல்லாமல் அளந்தால் அது சட்டத்துக்கு வெளியே போன வேலை. அரசாங்க சர்வேயராகச் சேர்ந்தவர்களுக்குத் திணைக்கள நடைமுறை வேறு, தனியாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் இதை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது சரிவராது, காடு மலை ஏறவேண்டும் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் அம்மாக்கள் முதுகில் கூடையோடு தினமும் ஏறாத மலையையா?

பொறியியலாளர்: எந்தப் பட்டம் என்பதில்தான் எல்லாம்

லக்சபானவுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்து இதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை எழுதி வாசித்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் வாசித்த சபை இலங்கைப் பொறியியல் சங்கம், 1906இல் தொடங்கியது. அதன் வழி வந்ததுதான் இன்றைய இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், எல்லோரும் ஐஈஎஸ்எல் என்று சொல்வது, 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் நீர்மின் நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், அந்த வழியாகப் பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஐஈஎஸ்எல் என்பது தொழில் நிறுவகம், என்ஜினியரிங் கவுன்சில் என்பது 2017 சட்டத்தின் கீழ் வந்த பதிவுச் சபை. இரண்டும் ஒன்றில்லை. நிறுவகத்தில் உறுப்பினராகி, படிப்படியாகப் பட்டயப் பொறியியலாளர் வரை உயர்வது ஒரு வேலை, சட்டப்படி தொழில் செய்யக் கவுன்சிலில் பெயர் பதிவது இன்னொரு வேலை. பட்டயப் பொறியியலாளரிலிருந்து டிப்ளோமாக்காரர், தொழில்நுட்பவியலாளர் வரை கவுன்சிலில் பல வகுதிகள் இருக்கின்றன, அதனால் "எனக்குப் பட்டம் இல்லை, டிப்ளோமாதான்" என்று ஒதுங்கத் தேவையில்லை, உங்களுக்கும் ஒரு வகுதி இருக்கிறது.

பட்டத்துக்கு வருகிறேன். பேராதனை, மொறட்டுவை, ருகுணை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய இடங்களில் அரச பொறியியல் பீடங்கள் உண்டு. நமக்குக் கிட்ட இருப்பது பேராதனை. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு வந்த பீடம் அது. படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழ் மூலம் கெட்டிக்காரத்தனமாகப் படித்து வந்த பிள்ளை முதல் அரையாண்டில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வி புரியாமல். ஏஎல் முடிந்து அனுமதி வரும் வரை இருக்கிற மாதங்களைச் சும்மா விடாமல் ஆங்கிலத்தில் பாடப்புத்தகம் வாசிக்கப் பழகுங்கள், அந்த ஒரு வேலை போதும்.

கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டிய சொல் வாஷிங்டன் உடன்படிக்கை. நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. இலங்கை ஐஈஎஸ்எல் வழியாக 2014இல் முழு உறுப்பினரானது, இந்தியாவும் அதே 2014இல். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் பலர் தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். அங்கே பொறியியல் கல்லூரிகள் ஏராளம், ஆனால் தேசிய தரமதிப்பீட்டுச் சபை முதல் அடுக்கு என்று அங்கீகரித்த பாடநெறிகள் மட்டுமே இந்த உடன்படிக்கைக்குள் வரும். அதுவும் கல்லூரிக்கு மொத்தமாக இல்லை, பாடநெறி பாடநெறியாக, வருடக் கணக்கோடு. ஒரே கல்லூரியில் சிவில் உள்ளே இருக்கும், மெக்கானிக்கல் வெளியே இருக்கும். முகவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பெயர்ப்பட்டியலை நீங்களே பார்த்து, சந்தேகம் இருந்தால் காசு கட்டுவதற்கு முன் ஐஈஎஸ்எல்லுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் அலுவலகம் கொழும்பு 7 விஜேராம மாவத்தையில் இருக்கிறது. வாயால் சொல்வதை நம்பவேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

கொழும்பில் பட்டம் தருகிறோம் என்று சொல்லும் தனியார் இடங்களுக்கும் இதே கேள்விதான். என் அண்ணன் மகன் விஷயத்தில் நடந்தது இதுதான்: கல்லூரி பதிவுசெய்யப்பட்டது என்று சொன்னார்கள், உண்மைதான், கம்பனியாகப் பதிவுசெய்யப்பட்டிருந்தது. நாங்கள் கேட்கவேண்டியிருந்தது, இந்தப் பாடநெறியை முடித்தால் கவுன்சிலில் எந்த வகுதியில் பதியலாம், அதற்கான கடிதம் எங்கே என்று.

வேலை செய்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில், கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். அங்கே பொறியியல் பட்டம் படித்து என்ஜினியரானவர்கள் இருக்கிறார்கள். நேரம் எடுக்கும், இடையில் விட்டுவிடுபவர்கள் அதிகம், ஆனால் சம்பளத்தை நிறுத்தாமல் படிக்க முடிகிற வழி. டிப்ளோமா வழியில் மொறட்டுவைத் தொழில்நுட்ப நிறுவகத்தின் என்டிடி, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் எச்என்டிஈ ஆகியவை நீண்ட காலமாக நிலைத்த பெயர் உள்ளவை. டீஓ, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர், வேலைக்குச் சேர்ந்து அப்புறம் மேலே போகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

கட்டடக்கலைஞர்

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டுபெத்தையில் ஐந்து வருடக் கட்டடக்கலைப் பட்டம் நடத்துகிறது. இசட் ஸ்கோர் மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை ஒன்று தேறவேண்டும், அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். மலையகத்துப் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான்: ஏஎல் முடிந்ததும் வரும் சின்ன அறிவித்தல், கவனிக்காமல் விட்டால் ஒரு வருடம் போச்சு. கையால் வரைவது, ஒரு பொருளை நாலு பக்கத்திலிருந்தும் மனதில் திருப்பிப் பார்ப்பது, இதெல்லாம் பழகியிருக்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் லயத்தின் முன்பக்கத்தை, கோயிலை, தேயிலைத் தொழிற்சாலையை வரைந்து பழகச் சொல்லுங்கள்.

இன்னொரு வழி கட்டடக்கலைஞர் நிறுவகமே கொழும்பில் நடத்தும் கட்டடக்கலைப் பள்ளி. வேலை செய்துகொண்டே பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று படித்துக்கொண்டு போகலாம். எந்த வழியில் வந்தாலும் பயிற்சிக் காலமும் பகுதி மூன்று என்ற தொழில்சார் பரீட்சையும் தாண்டித்தான் பட்டயக் கட்டடக்கலைஞர்.

ஆசிய நாடுகளிலிருந்து பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் பெண் கண்டியில் பிறந்தவர், மினெட் டி சில்வா, 1948இல். கண்டி வட்டாப்புளுவ வீட்டுத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடமே உங்களுக்கு எப்படி வீடு வேண்டும் என்று கேட்டு வரைந்தவர். நமக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் எத்தனையில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும்? சமையலறையில் விறகு வைக்க இடமில்லை, மழைக்கோட்டைக் காயவைக்க இடமில்லை. அதைக் கேட்கத் தெரிந்த ஆர்க்கிடெக்ட் நம்மிலிருந்து வரவேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

பயிற்சிக் காலமும் பேர்த் பேப்பரும்

பயிற்சிக்குப் போகும் முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதி, எந்தத் தளம், என்ன வேலை, அதில் உங்கள் பங்கு என்ன, யார் மேற்பார்வை. தினமும் நாலு வரி. வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் ஒப்பம் வாங்குங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அறிக்கை எழுதி நேர்முகத்துக்குப் போகும்போது ஞாபகத்திலிருந்து எழுத முடியாது, மேற்பார்வையாளர் அதற்குள் கட்டாருக்குப் போயிருப்பார். அப்புறம், அந்த மேற்பார்வையாளர் அந்தத் தொழிலில் பதிவு உள்ளவரா என்று சேரும்போதே பாருங்கள். பதிவில்லாதவரிடம் பத்து வருடம் வேலை பழகினாலும் அது கணக்கில் ஏறுவது கஷ்டம்.

பேர்த் பேப்பர். இதற்கு ஒரு தனிப் பந்தியே வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்குப் பெயரில் பிரச்சினை: பிறப்புச் சான்றிதழில் ராமையா, அடையாள அட்டையில் இராமையா, ஏஎல் சான்றிதழில் முதலெழுத்து மாறி, அப்பா பெயர் வேறு எழுத்தில், சில வேளை பிறந்த திகதியே வேறு. பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். பதிவுச் சபையில் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓஎல் எழுதுவதற்கு முன்பே மூன்று மொழியிலும் எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், பிழை இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதிக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன். தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

செலவுக்கு மகாபொல புலமைப்பரிசிலுக்கு எல்லோரும் விண்ணப்பிக்கிறார்கள். அதோடு, இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று நடத்தப்படும் கல்வி நிதியம் ஒன்றும் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது பாருங்கள்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு

பிள்ளை படித்து வரும் வரை வீடு காத்திருக்காது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அளக்க வருபவரிடம் பதிவு இலக்கத்தையும் இந்த வருட லைசென்ஸையும் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள், உண்மையான சர்வேயர் கோபிக்கமாட்டார், எடுத்துக் காட்டுவார். சந்தேகமானால் லேண்ட் சர்வே கவுன்சிலில் விசாரிக்கலாம். பிளானில் இலக்கம், திகதி, அளவுத்திட்டம், வடக்கு எந்தப் பக்கம், நாலு எல்லையிலும் என்ன, பரப்பு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கவேண்டும். 40 பேர்ச் ஒரு ரூட், 160 பேர்ச் ஓர் ஏக்கர், நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது மண். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் மண்சரிவு அபாயப் பட்டியலில் உள்ள மாவட்டங்கள். இங்கே கட்டடத்துக்கு அனுமதி கேட்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின், அதாவது என்பிஆர்ஓவின், மண்சரிவு அபாய அறிக்கை தேவைப்படும். இதை ஒரு வீண் அலைச்சல் என்று நினைப்பவர்கள் 2014 ஒக்டோபர் 29ஐ நினைத்துப் பாருங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் லயங்கள் மேல் மலை இறங்கியது, அது நம் சனம். அந்த அறிக்கை வரும் முன் மண்வெட்டியைத் தொடாதீர்கள். "சும்மா கொஞ்சம் வெட்டி மட்டப்படுத்துகிறேன்" என்று மேசன் பாஸ் சொல்வார், நல்ல மனுஷனாகத்தான் இருப்பார், ஆனால் ஒரு சரிவை எவ்வளவு உயரத்துக்கு நேராக வெட்டலாம், தாங்குசுவர் எப்படி, தண்ணீர் எங்கே வடியவேண்டும் என்பது அனுபவத்தால் மட்டும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. அங்கேதான் என்ஜினியரின் கையெழுத்துக்கு வேலை.

பிறகு பிரதேச சபையிலோ நகர சபையிலோ வீட்டு பிளானைக் கொடுப்பதற்கு முன் டீஓவிடம் போய், எங்கள் கட்டடம் இத்தனை சதுர அடி, இத்தனை மாடி, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். கட்டி முடித்ததும், அனுமதி பெற்ற பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை தரும் ஒத்திசைவுச் சான்றிதழ் எடுக்க மறக்காதீர்கள், பலர் குடிபுகுந்ததோடு விட்டுவிட்டு, விற்கவோ கடன் எடுக்கவோ போகும்போது ஓடித்திரிகிறார்கள்.

காணிக்கு எல்லைக் கல் நடும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் லீவு போட்டு நில்லுங்கள். பக்கத்துக் காணிக்காரரையும் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, நாலு கல்லையும் அவர் கண்முன் நடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கல்லையும் பின்னால் தெரிகிற மரமோ பாறையோ வீடோ படத்தில் விழுகிற மாதிரி போனில் எடுத்து, பிளானின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். மூலப் பிரதியை லாமினேட் பண்ணாதீர்கள், பலர் நல்லது என்று நினைத்துப் பண்ணிவிடுகிறார்கள், முத்திரையையும் மையையும் சோதித்துப் பார்க்கவேண்டி வந்தால் அது தடையாக நிற்கும்.